கார்தானே ஓடுது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாய் திறந்திருந்தது. வியப்பினால் அல்ல, கடைவாய்ப் பல்லில் ஓட்டை. பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். கன்னத்துக்குள் பஞ்சு, உதட்டோரம் எச்சிலை உறிஞ்சுகிற குழாய். அப்படிக் கிடக்கிறவனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எதிர்ப்பேச்சு வராது. டாக்டர் சொன்னார். கையில் பல்லைக் குடைகிற கருவியோடு, கொதிக்கக் கொதிக்கச் சொன்னார். அவருக்குக் கோபம் ஏற ஏற, என் கால் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

வீட்டுக்கு வந்ததும், உதடு மரத்திருக்கும்போதே எழுத உட்கார்ந்தேன். மரப்பு போய்விட்டது, கோபம் போகவில்லை. அவருடைய கோபம்தான். இப்போது என்னிடம் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கிற எண்ணமும் இல்லை.

(கதையில் வருகிறவள் அந்த டாக்டர் இல்லை. அவரைப் போலவே பல் பிடுங்குகிறவள், அவரைப் போலவே கார் பந்தயம் ஓட்டுகிறவள், அவரைப் போலவே ஓர் அண்ணன் உள்ளவள், அவ்வளவுதான். நிஜ டாக்டரை ‘அவர்’ என்பேன், கதையில் வருகிறவளை ‘அவள்’ என்பேன். குழப்பம் வராது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பச்சைக் கொடி அசைந்ததும் எஞ்சின்கள் சிங்கங்களைப் போல் உறும, அவள் கண்களில் தீப்பொறி—”

அடித்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் இருக்கிறவளின் கண்ணை யார் பார்த்தது?

அப்புறம் இப்படி: “விளையாட்டு என்பது யாது? மனித உடல் தன் எல்லையோடு நடத்துகிற ஓயாத—”

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. அடிக்காமல் விட்டிருக்கிறேன், தூக்கம் வராதவர்களுக்கு உதவும்.

கடைசியில் மாடியிலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்தேன். ஏனென்றால் அவமானம் மாடியில்தான் நடந்தது.

3

நகர விளையாட்டு மன்றத்தின் கூட்ட அறை மாடியில் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றுகிற ஒரு மின்விசிறி, சுவர் நிறையச் சட்டம் போட்ட படங்கள். ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், தண்ணீரிலிருந்து பாதி வெளியே வந்தவர்கள். ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் படம் மாட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை பல் டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிறிய கார்களுக்கான பந்தயத்தில் அந்தப் பருவத்தின் சாம்பியன் அவள்தான். நீச்சல் பயிற்சியாளர் எழுந்து அவள் பெயரை முன்மொழிந்தார்.

“நம்ம டாக்டரை விட்டா இந்த வருஷம் வேற யாரு இருக்கா? அவங்க படத்தையே மாட்டிடலாம்.”

நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவளுக்குக் காது சூடானது. சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

மன்றத்தின் செயலாளர் தொண்டையைச் செருமினார். நெடுந்தூர ஓட்டக்காரர். நரைத்த பிறகும் விடியற்காலையில் ஊரைச் சுற்றி ஓடிவிட்டுத்தான் காபி குடிப்பார். அவர் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். வீட்டில் அவளைப் ‘பாப்பா’ என்பவர், அன்று வேறு மாதிரி கூப்பிட்டார்.

“டாக்டரம்மா ஜெயிச்சதுல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனா இது விளையாட்டு மன்றம். கார்தானே ஓடுது? இவங்க உள்ள உக்காந்திருக்காங்க. இதுக்குப் படம் மாட்டினா, நாளைக்கு லிஃப்டுல வேகமா மேல போனவங்களுக்கும் மாட்டணும்.”

அறை சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் துணைத்தலைவரான சதுரங்கக்காரர். அவர் படமும் சுவரில் இருக்கிறது. படத்திலும் உட்கார்ந்துதான் இருக்கிறார்.

[இங்கே கதையை நிறுத்திவிட்டு நான் கொஞ்சம் கத்த வேண்டும். துப்பாக்கி சுடுகிறவரைப் பார்த்து “குண்டுதானே பாயுது” என்று யாராவது சொன்னார்களா? குதிரைச் சவாரிக்காரருக்கு மாலை போடும்போது குதிரையின் சம்மதத்தைக் கேட்டார்களா? படகு வலிக்கிறவர் உட்கார்ந்துதானே வலிக்கிறார்? சைக்கிள் என்ன, தோட்டத்தில் முளைத்ததா? அதுவும் பட்டறையில் செய்த யந்திரம்தானே? மனிதன் உட்கார்ந்து செய்த வேலையெல்லாம் சும்மா இருந்த வேலை என்றால், இந்தக் கதையையும் நான் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சரி, போதும். கதைக்குப் போவோம்.]

அவள் எழுந்தாள். “அண்ணா—” என்று ஆரம்பித்து விழுங்கிக்கொண்டாள்.

“செயலாளர் அவர்களே, ஒரு தடவை வந்து என் கார்ல உக்காருங்க. அப்புறம் சொல்லுங்க.”

“வரேனே. பஸ்ல உக்காராதவனா நான்?”

மறுபடியும் சிரிப்பு. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போடப்பட்டது. அவள் படியிறங்கும்போது பின்னால் யாரோ லிஃப்ட் போகிற மாதிரி வாயால் சத்தம் போட்டார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.

4

அடுத்து என்ன நடக்கும் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நானும் அதைத்தான் எழுதினேன்: “ஓடுபாதையை ஒரு சுற்று வருவதற்குள் அண்ணன் வெளிறிப்போனார். கார் நின்றதும் புல்தரையில் மண்டியிட்டு, குடலே வெளியே வருகிற மாதிரி—”

எழுதும்போது சுகமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பல்லுக்கு இரண்டாவது முறை போனபோது, வாயில் பஞ்சு வைப்பதற்கு முன் முந்திக்கொண்டு இதை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

“வாந்தியா? எங்க அண்ணனா? அவரு ஜம்முன்னு இறங்கினாருங்க. எனக்கு வயித்தெரிச்சலே அதுதானே! வாயைத் திறங்க.”

ஆகவே அந்தப் பத்தி செத்தது. நடந்தது இது.

பயிற்சி நாளன்று மெக்கானிக் அவள் காரில் பக்கத்து இருக்கையைப் பொருத்தி வைத்திருந்தார். பந்தயக் காரில் வழக்கமாக அது இருக்காது. கதவுக்குள் இரும்புக் கம்பிகளால் ஒரு கூண்டு. அதற்குள் நுழைந்துதான் உட்கார வேண்டும். தீப்பிடிக்காத தடித்த உடை, கையுறை, ஹெல்மெட், குறுக்கும் நெடுக்குமாகப் பெல்ட். அண்ணன் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டார்.

அவள் ஓட்டினாள். பந்தயத்தில் ஓட்டுகிற மாதிரியேதான். காருக்குள் அடுப்பு மூட்டின சூடு. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கினாலும் துடைக்கக் கை கிடையாது. வீட்டுக் கார் மாதிரி தொட்டால் நிற்கிற பிரேக் இல்லை அது. இடுப்பிலிருந்து பலம் திரட்டி உதைத்தால்தான் இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் தலையை யாரோ பக்கவாட்டில் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். கழுத்து மறுத்து நிற்க வேண்டும். அப்படி மறுக்கும்போதே அடுத்த வளைவுக்குப் பிரேக்கை எங்கே உதைப்பது என்று கண் தேட வேண்டும். உதைப்பது ஓர் இமைப்பு பிந்தினால் சுவர். நாடி, மலையேறுகிறவனுக்குத் துடிப்பதுபோலத் துடிக்கும். ஆனால் மலையேறுகிறவன் நின்று மூச்சு வாங்கலாம்.

கார் நின்றது. அவள் கையுறையைக் கழற்றப் பார்த்தாள், விரல்கள் விரியவில்லை. அண்ணன் உடையும் நனைந்திருந்தது. ஆனால் மூச்சு வாங்கவில்லை, ஓட்டக்காரர் நெஞ்சு.

“எப்படி இருந்துச்சு?”

“நல்ல சூடு.” அவர் ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். “மத்தபடி சும்மாதானே உக்காந்திருந்தேன், பாப்பா.”

“நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க. நான் சும்மாவா உக்காந்திருந்தேன்?”

மெக்கானிக் டயரைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டார். அண்ணன் பதில் சொல்லாமல் ஹெல்மெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அந்த ஹெல்மெட்டை அவர் முதுகைப் பார்த்து வீசலாமா என்று இருந்தது.

5

இந்த அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். நான் அவரை ஒரு முட்டாளாகச் செய்து வைத்திருந்தேன். முட்டாள் என்றால் கார் நின்றதும் ஏதாவது கிண்டல் அடித்திருப்பான். இவர் ஏன் பேசாமல் போனார்?

மறுநாள் சாயங்காலம், கடைசி நோயாளிக்குப் பல் கட்டி அனுப்பிவிட்டு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள்.

“வாம்மா. என்ன சொல்லி அனுப்பினே அவரை? நேத்துலேருந்து ஒழுங்கா சாப்பிடல.”

“நான் என்ன அண்ணி சொன்னேன்? அவருதான் ஊரைக் கூட்டி என்னைச் சொன்னாரு.”

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “உனக்குத் தெரியாது. உனக்குப் பந்தயம் இருக்குற அன்னிக்கெல்லாம் போனைக் கையில வெச்சுக்கிட்டு வாசலுக்கும் கூடத்துக்குமா நடப்பாரு. நீ ஜெயிச்சியான்னு கேக்க மாட்டாரு. ‘இறங்கிட்டாளா’ன்னு மட்டும்தான் கேப்பாரு.”

[நில்லுங்கள். கண் கலங்குகிறதா? எனக்கும் கலங்கியது, உடனே ஆத்திரமும் வந்தது. ஓர் அவமானத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பாசம் இருந்ததாம், ஆகவே எல்லாம் சரியாகிவிட்டதாம். எத்தனை கதைகளை இப்படி மூடி வைத்திருக்கிறோம்! “அவள் அண்ணனின் தோளில் சாய்ந்து விம்மினாள்” என்ற வாக்கியம் என் பேனா நுனியில் நிற்கிறது. நிற்கட்டும். அவள் சாயவில்லை.]

அவர் கூடத்தில் உட்கார்ந்து ஓடுகிற ஷூக்களின் நாடாவைக் கோத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் நின்றாள்.

“பயமா இருந்தா பயம்னு சொல்றதுதானே?”

அவர் நாடாவை விட்டார். “நேத்து அந்த மூணாவது வளைவுல சுவர் என் பக்கம்தான் இருந்துச்சு. நீ ஒவ்வொரு தடவையும் அதுக்கு அவ்வளவு கிட்டத்துல போறியா?”

“போறேன்.”

“அதை விளையாட்டுன்னு ஒத்துக்கிட்டா நான் கை தட்டணும், பாப்பா. நீ அங்க திரும்புறப்ப நான் வெளிய நின்னு கை தட்டணும். என்னால ஆகாது.”

“தட்டாதே. யாரு கேட்டா? அதுக்காக அத்தனை பேர் முன்னாடி என்னை லிஃப்டுல போறவளாக்குவியா? உன் பயத்தை மறைக்க என் உழைப்புதான் கிடைச்சுதா உனக்கு?”

அவள் அண்ணனை ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.  அவர் தலை குனியவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கொண்டுவந்த காபியைத் தொடாமல் அவள் கிளம்பிவிட்டாள்.

6

அடுத்த கூட்டம். அதே மாடி. செயலாளர் எழுந்தார். கையில் தாள் எதுவும் இல்லை.

“போன தடவை நான் சொன்னது பொய். அது விளையாட்டு இல்லைன்னு சொன்னேன். உள்ள உக்காந்து பாத்தேன், அது விளையாட்டுதான். என் தங்கச்சி அதுல செய்யறது நான் ஓடறதுக்குக் குறைஞ்சது இல்ல. ஆனா நான் கை தூக்க மாட்டேன். அவ படத்தை இங்க மாட்டினா, அதைப் பாத்து இன்னும் வேகமா போவாளோன்னு பயமா இருக்கு. காரணம் அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. நீங்க உங்க இஷ்டப்படி செய்யுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சதுரங்கக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முன்வரிசையில் அவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தாள். தீரவில்லை. ஆனால் இப்போது அது நிமிர்ந்து நிற்கிற கோபமாக இருந்தது. அண்ணனைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தாள்.

“சரிண்ணா. இப்ப ஓட்டெடுங்க.”

கைகள் எழுந்தன. எழாதவையும் இருந்தன. சதுரங்கக்காரர் எண்ணிப் பார்த்தார், இரண்டும் சமம். பின்வரிசையில் ஒருவர் மட்டும் தூக்குவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அது நீங்கள்தான்.

நிஜத்தில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். பல் அடைத்து முடித்த அன்று டாக்டர் சொன்னார். உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால், ஜெயித்த பக்கம் போய் நின்றுகொண்டு முதலிலிருந்தே அங்கேதான் இருந்ததாகச் சொல்வீர்கள். இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் கிழித்துவிட்டேன்.

சதுரங்கக்காரர் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையைத் தூக்குங்கள், தூக்காமல் இருங்கள், உங்கள் உரிமை. ஆனால் காரணத்தை எழுந்து நின்று, உரக்கச் சொல்லுங்கள். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். காது மட்டும் உங்கள் பக்கம் இருக்கிறது.