பலகையில் முதல் பெயர்

நிரலின் சோதனை ஓடி முடிந்தது. எல்லா வரியும் பச்சை. மாமியாரைக் கண் காட்டக் கூட்டி வந்திருந்த மருமகள் அப்பாடா என்று நிமிர்ந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காத்திருப்போர் கூடத்தில் பெயர்ப் பலகை காலியாகியிருந்தது.

அந்தக் கண் மருத்துவமனையின் வரிசைப் பலகைக்கான நிரலைப் பைத்தான் மொழியில் எழுதியவள் அவள்தான். பலகை ஆமை வேகத்தில் நகர்கிறது என்று எல்லோரும் முணுமுணுத்ததால், போன வாரம் அதை ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கோடு இணைத்தாள். அது எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைத்திருக்கும், கேட்டதும் கொடுக்கும். வட்டில் ஒரு பிரதி எழுதி வைக்கச் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். சோதனை நிரல், தான் போட்ட பொய்ப் பெயர்களைக் கடைசியில் ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிடும். இன்று கிடங்கின் முகவரியைச் சோதனைக்கு மாற்ற மறந்ததில் நிஜ வரிசையையே துடைத்துவிட்டது. டோக்கன் சீட்டு வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

வரவேற்பாளர் ஓடி வந்தார். "மேடம், ஜனங்க சத்தம் போடறாங்க. டாக்டர் பன்னெண்டுக்குக் கெளம்பிடுவாரு."

அவள் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "மன்னிச்சிடுங்க, வந்த வரிசையச் சொல்லுங்க, மறுபடி ஏத்திடறேன். யாரு முதல்ல?"

சட்டென்று உயர்ந்தது மாமியாரின் கை. "நான்தான்! வேணும்னா என் மருமகளையே கேளுங்க. அவதான என்னைக் கூட்டிட்டு வந்தா."

கூடமே அவளைப் பார்த்தது. உண்மையில் அவர்கள்தான் கடைசி. தாமதத்துக்குக் காரணமும் அவளுடைய அலுவலக அழைப்பு. இதற்கு முன் இரண்டு தடவை டாக்டர் போன பிறகு வந்து திரும்பியிருக்கிறார்கள். போன மாதம் மாமியார் சொந்த வீட்டுப் படியிலேயே தடுக்கி விழுந்தார். அவளுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் தன்னைச் சாட்சிக்கு இழுத்ததில் எரிச்சலாகவும் இருந்தது. அவர்கள் உள்ளே நுழைந்தபோது பலகையின் உச்சியில் இருந்தது ஒரு லாரி டிரைவரின் பெயர். அவர் மாமியாருக்கு அடுத்த நாற்காலியில்தான் இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், எதற்கு வம்பு என்று மூடிக்கொண்டார்.

அவள் உட்கார்ந்து தட்டினாள். பலகை ஒளிர்ந்தது.

மாமியார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதற்குள் எழுந்துவிட்டார். முகத்தைச் சுருக்கிப் பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து பக்கத்து நாற்காலிக்காரரின் தோளைத் தொட்டார்.

"தம்பி, எனக்கு எழுத்து தெரியல. முதல்ல என் பேருதான போட்டிருக்கு?"

லாரி டிரைவர் பலகையின் உச்சியில் தன் பெயரைப் பார்த்தார். பிறகு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விசைப்பலகையில் கை வைத்தபடியே இருந்தவளைப் பார்த்தார்.