இருங்க சார்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு ராஜினாமா கடிதம். பாலக்கோட்டில் தக்காளி தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்றில் நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே பதினெட்டுப் பேர். அவர்களில் ஒன்பது வருடமாக இருக்கும் அமுதவல்லி, நேற்று ஒரு தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். காரணம்: 'சொந்த வேலை.' இன்று ஐந்து மணிக்குள் நான் கையெழுத்துப் போடவேண்டும். அவர் போய்விடக்கூடாது. அதற்குள், ஏன் போகிறார் என்று எழுதிப் பார்க்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: 'பனி விலகாத காலையில் அமுதவல்லி சைக்கிளில்...'

(வேண்டாம். மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில்தான் வருகிறார். பனியைப் பற்றி எனக்கென்ன தெரியும், நான் வருவதே ஒன்பதரைக்கு.)

தொடக்கம் இரண்டு: 'அமுதவல்லி இடது கையால் தக்காளியை எடுத்தார். இல்லை, வலது கையால். நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருவிரலால் லேசாக, இன்னும் லேசாக...'

பாருங்கள். காகிதத்தில்கூட அந்தப் பெண்ணைச் சும்மா விடமாட்டேன் என்கிறேன்.

3

[இடையில் ஒரு விளக்கம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அரை மணிக்கு ஒரு போட்டோ வரவேண்டும். கூடை, காய், கை மூன்றும் தெரியவேண்டும். நான் எது போட்டாலும் எல்லோரும் பதில் போடவேண்டும். எல்லாம் என் ஏற்பாடு. நல்ல வேலையிடம் எப்படி இருக்கவேண்டும் என்று போன மாதம் ஓசூரில் ஒரு பயிற்சி. அங்கே உட்கார்ந்தும் நான் கூடைப் போட்டோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

4

முன்பெல்லாம் அமுதவல்லி ஒரு நாளைக்கு நாலு தடவையாவது என்னை நிறுத்துவார். "இருங்க சார், அந்தக் கூடையத் தூக்காதீங்க, அடியில நசுங்கியிருக்குது." எனக்கு எரிச்சலாக வரும். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்துவிடும், எரிச்சல் அதனாலும்தான். சுவரில் ஒரு நிற அட்டை ஒட்டினேன். "இதப் பாத்துப் பிரிச்சாப் போதும், யோசிக்க வேணாம்" என்றேன். மெல்ல மெல்ல 'இருங்க சார்' குறைந்து 'செரிங்க சார்' ஆனது. கொட்டகை அமைதியானது. ஒழுங்கு வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் கேரளாவுக்கு ஒரு லோடு அனுப்பினோம். முந்தாநாள் கெட்டுத் திரும்பி வந்தது. அமுதவல்லி எதுவும் சொல்லாமல் ஏற்றிவிட்டார்.

5

(மேலே கடைசி வாக்கியம் பொய். கோடு போட்டு அடிக்கப்போவதில்லை. என் கையெழுத்திலேயே இருக்கட்டும்.)

நடந்தது இது.

"இருங்க சார். மழைல நனஞ்ச காய்ங்க. நெறம் செரியா இருக்குது, ஆனா அழுத்துனா கொழகொழன்னு இருக்குது. அவ்வளவு தூரம் தாங்காதுங்க."

"அட்டைல என்ன நெறமோ அதப் பாருங்க, போதும்."

"செரிங்க சார்."

லோடு திரும்பியதும் முதலாளி தீர்த்தகிரி எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். "ஒருத்தருக்குமா தெரியல?"

"எங்கிட்ட யாரும் சொல்லலைங்க" என்றேன் நான்.

அமுதவல்லி என்னைப் பார்த்தார். 'இருங்க சார்' என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் அந்தத் தாள் வந்தது.

6

முடிவு அ: தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். அவர், "செரிங்க சார்."

முடிவு ஆ: அட்டையைக் கிழிக்கிறேன், போட்டோவை நிறுத்துகிறேன், போகாதீர்கள் என்கிறேன். "செரிங்க சார்."

முடிவு இ: கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டுகிறேன். "செரிங்க சார்."

நானே எழுதிக்கொண்டிருக்கும்வரை அவர் வாயில் வேறு வார்த்தை வராது போலிருக்கிறது. அலுத்துவிட்டது எனக்கு. அவருக்கு எவ்வளவு அலுத்திருக்கும்.

7

மணி நாலே முக்கால். முதலாளியும் இருக்கிற அந்தக் குரூப்பில் போட்டேன்:

"நனஞ்ச காய், தாங்காதுன்னு அமுதவல்லி அன்னைக்கே சொன்னாங்க. கேக்காதவன் நான். யாரும் சொல்லலைன்னு சொன்னது பொய்."

உடனே வரிசையாகப் பதில் வந்தது. முருகேஷ்: செரிங்க சார். குள்ளம்மாள்: செரிங்க சார். கனிமொழி: செரிங்க சார், கூடவே பழக்கதோஷத்தில் ஒரு கூடைப் போட்டோ. மொத்தம் பதினேழு. (முதலாளியும் பார்த்துவிட்டார். என் வேலை என்ன ஆகும் என்பது வேறு கதை.)

பதினெட்டாவது இன்னும் வரவில்லை. அமுதவல்லி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டுகிறது. நிற்கிறது. மறுபடி காட்டுகிறது.

அவர் என்ன எழுதுகிறார் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் அவருக்குச் சொல்லித்தராதீர்கள். காத்திருங்கள். பேனாவை மூடிவிட்டேன். ஒன்று மட்டும் தெரிகிறது: 'செரிங்க சார்' என்று எழுத இவ்வளவு நேரம் ஆகாது.