பாதுகாவலர் கையெழுத்து

குணாளன் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டான். மகளின் நிச்சயதார்த்தத் தட்டுகளுக்கு நடுவே அறுவைச் சிகிச்சைப் படிவம் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

“அடுத்த வாரம் பிரமிளாவுக்கு நிச்சயம்க்கா. கல்யாணமாகாத அக்காவுக்கு எதுக்குக் கர்ப்பப்பை ஆப்பரேஷன்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா, நான் என்னா சொல்றது? ஒரு வாரந்தானே, தள்ளிப்போடு லா!”

எதிரே அவன் அக்கா நவமணி. வயது ஐம்பத்திரண்டு. மருத்துவம் படித்து, பதினைந்து வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, பிறகு சட்டமும் படித்து, இப்போது ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தின் தலைவி. அங்கே அறுபது பேர் அவள் சொல்லுக்குக் காத்திருப்பார்கள். ஜுருவில் கார் விற்கும் தம்பியின் வீட்டில் அந்தப் பட்டமெல்லாம் செல்லாது. தாலி ஏறாதவள் எத்தனை வயதானாலும் சின்னப் பிள்ளை என்பது நம் வீடுகளின் எழுதாத சட்டம்.

“இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஆப்பரேஷன், தம்பி. ரத்தம் நிக்கவே இல்ல.”

“நீயே டாக்டர்தானே? மாத்திரை போட்டு சமாளிக்க முடியாதா?”

அவள் டாக்டர் என்பதால்தான் பயந்தாள். வயிற்றுக் கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது, உடம்பில் எவ்வளவு ரத்தம் மிச்சமிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு வாரம் தாங்காது.

போன வருடம் நிபோங் திபாலில் ஓர் ஆய்வுக்காகப் பெண்களிடம் சம்மதம் கேட்கப் போயிருந்தாள். வாசலில் நின்ற கணவன்மாரையே அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஒங்க ஒடம்புக்கு ஒங்க கையெழுத்து போதும்” என்று அதட்டினாள். ஆய்வுக்கூடத்துக்கு அந்த விதியை எழுதியதே அவள்தான்.

ஆனால் நேற்று ஆஸ்பத்திரியில், ‘கணவர் அல்லது பாதுகாவலர்’ என்ற வரியைத் தாதி நூருல் ஹுதா விரலால் காட்டியதும், ஒரு கேள்வியும் கேட்காமல் படிவத்தை மடித்துத் தம்பியிடம் கொண்டுவந்தவளும் அவள்தான். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

பேனாவை எடுத்தாள். தன் கையெழுத்தைப் போட்டாள். பாதுகாவலர் வரியைக் குறுக்கே அடித்தாள்.

“அக்கா, நெனச்சுப் பாத்துதான் செய்யிறியா?” குணாளனின் குரல் உயர்ந்தது.

அறைக்குள்ளிருந்து பிரமிளா கார்ச் சாவியோடு வந்தாள். “வாங்க அத்தை, நான் கெரேத்தா எடுக்கிறேன்.”

“நிச்சயம் நின்னுபோனா?”

“நிக்கட்டும்ப்பா.”

ஆஸ்பத்திரி முகப்பில் நூருல் ஹுதா படிவத்தைப் புரட்டினாள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நவமணி பயந்தாள். சட்டம் படித்தவள், மலாய் மொழியில் கெஞ்சாத குறையாகக் கேட்டாள்: “அந்த வரியை அடித்துவிட்டேன். பரவாயில்லையா?”

தாதி முத்திரையைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“அது கட்டாயமில்லை, டாக்டர். காலியாக விட்டாலும் வாங்கிக்கொள்வோம். இதுவரை யாரும் விட்டதில்லை.”