அகில் மரத்துக்குள் சிவப்பு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அந்தக் கோபம் ஜீவானந்தத்தின் பிழைப்பில் மண்ணைப் போடும் என்று நினைக்கவில்லை.

மணிமங்கலத்தில் எங்களுக்கு இருபது அகில் மரங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து வயது. சும்மா வளர்ந்தால் அது வெறும் விறகு. துளையிட்டு, பூஞ்சைக் கரைசலைச் செலுத்தி நோய் வரவைக்க வேண்டும். நோயை எதிர்க்க மரம் சுரக்கும் கறுத்த பிசினில்தான் வாசனை. ஜீவானந்தம் அந்த வேலையைச் செய்து பெயர் வாங்கியவன்; எங்கள் மரங்களுக்கும் அவன்தான் செய்தான்.

பத்து மாதம் கழித்து ஒரு துளையைச் செதுக்கிப் பார்த்தேன். கட்டை வெள்ளையாகவே இருந்தது. உள்ளே சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. செங்கல் பொடியை அடைத்து ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினேன். போனில் கத்தினேன். அது தான் வைத்தது அல்ல என்று அவன் எவ்வளவோ சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. மரம் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டு, ‘இவன் ஃப்ராடு’ என்று எழுதினேன். அதன் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை.

மகளின் பிரசவத்துக்குப் புனே போயிருந்த என் மனைவி சாவித்ரி மூன்று மாதம் கழித்துத் திரும்பினாள். படத்தைப் பெருமையாகக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஏன்னா, அது நான் போட்ட மருந்துப் பத்து. அவன் வேலை பண்ணின மறுநாள் மரத்துக்குத் தண்ணி விடப் போனேன். உடம்பெல்லாம் ஓட்டை, பாக்கவே சகிக்கலை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு எல்லாத்துலயும் அப்பினேன்.”

காயத்துக்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. குழைத்தால் சிவக்கும் என்பது எனக்கும் தெரியும், ஆரத்தித் தட்டில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். பூஞ்சை அதில் எப்படிப் பிழைக்கும்? அவளைத் திட்ட வாயெடுத்தேன், குழுவில் நான் எழுதியது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

தேடிப்போனபோது ஜீவானந்தம் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்லி, மன்னித்துவிடு என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“என்னாண்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? குரூப்ல சொல்லு சார்.”

அங்கேயே நின்று போனில் தட்டினேன். ‘என் மனைவி தெரியாமல்’ என்று ஆரம்பித்தேன். அவள் மரத்துக்கு வலிக்கும் என்று செய்தாள். விசாரிக்காமல் ஒரு மனிதனைத் திருடனாக்கியது நான். அழித்துவிட்டு, ‘ஜீவானந்தம் மேல் தப்பில்லை. நான்தான் பொய்ப்பழி போட்டேன். இப்படிக்கு, தோத்தாத்ரி’ என்று எழுதி அனுப்பினேன்.

நான் நீட்டிய போனை அவன் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மறுபடி இரும்பை அறுக்கத் தொடங்கினான்.