உண்டு என்றாள் அம்மா

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் கூடவே போய்விட்டது. மிச்சம் நின்றது ஒரே ஒரு சொல். உண்டு.

அந்தச் சொல் மட்டும் ஏன் தங்கியது என்று எங்களுக்கு டாக்டர் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் அம்மா சரோஜம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். நெய்யாற்றின்கரையிலிருந்து திருப்புறம் வழியாகப் பூவாருக்குப் போகிற வண்டியில் ரிட்டயர் ஆகும்வரை நின்றபடியே போய் வந்தவள். டிக்கெட் எடுக்காத ஆள் உண்டோ, சில்லறை உண்டோ, இறங்க ஆள் உண்டோ. தமிழ் பேசுகிறவனுக்கும் மலையாளம் பேசுகிறவனுக்கும் அந்த ஒரு சொல் போதும். நாள் முழுக்க அதையே கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து எங்களிடமும் அதையே கேட்பாள். படிக்க உண்டோ, துவைக்க உண்டோ. அப்படிக் கேள்வி கேட்டே பிழைத்தவள் இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு பதில் மட்டும் சொன்னாள்.

"பசிக்குதா அம்மா?"

"உண்டு."

"வலி உண்டா?"

"உண்டு."

முதலில் எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறாள் என்று புரிந்தது. ஷார்ஜாவில் இருக்கும் என் அண்ணன் சஜன் வீடியோ காலில் வந்து விளையாடுவான்.

"அம்மா, நா உனக்க பிள்ளதானே?"

"உண்டு."

"பக்கத்து வீட்டு பாலையனுக்க பிள்ளையா?"

"உண்டு."

பாலையனின் மனைவி சௌதாமினி அக்கா அப்போது அங்கேயே நிற்பாள். தினமும் காலையில் வந்து அம்மாவைத் தூக்கவும் திருப்பவும் எனக்குக் கை கொடுப்பவள் அவள்தான். "எலே சஜா, எனக்க குடும்பத்தக் கலக்காத கேட்டியா" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அம்மாவும் வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பாள். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லை நம்ப முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

இனி அம்மாவின் முடி. அவிழ்த்துவிட்டால் கால்முட்டுக்குக் கீழே நிற்கும். விடியற்காலை டியூட்டிக்குப் போகும்போது இரண்டு சுற்றில் கொண்டை போட்டு, அதில் பேனாவைச் செருகிக்கொண்டு இறங்குவாள். அந்த ரூட்டில் வண்டியின் நம்பர் யாருக்கும் தெரியாது. "கொண்டச் சேச்சிக்க வண்டி போயாச்சா?" என்றுதான் ஸ்டாப்பில் கேட்பார்கள். நான் பத்தாம் வகுப்பில் முடியைத் தோளோடு வெட்ட வேண்டும் என்று அடம்பிடித்தபோது, அப்போது உயிரோடிருந்த என் அப்பா எலியா, சபையில் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று குதித்தார். அம்மா அவரிடம் சத்தம்கூட உயர்த்தவில்லை. "தல அவளுக்க தலையாக்கும். அவகிட்டக் கேளுங்க" என்றாள். நான் வெட்டிக்கொண்டேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் நான் இதைச் செய்தேன்.

படுக்கையில் கிடக்கிற ஒருவருக்கு அத்தனை முடியைப் பராமரிப்பது எப்படி என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கட்டிலின் ஓரத்துக்கு இழுத்து, தலையை ரப்பர் ஷீட்டில் வைத்து, கீழே வாளி வைத்துக் கழுவ வேண்டும். காய்வதற்கு டேபிள் ஃபேன் அரைநாள் ஓட வேண்டும். காய்வதற்குள் தும்மல் வந்துவிடும். எந்நேரமும் மல்லாந்தே கிடப்பதால் பின்னந்தலையில் முடி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சீப்பை வைத்தால் அம்மா முனகுவாள். நடுவில் என் வேலை வேறு. வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் அனுப்பும் வேலை. எங்கோ யாருடைய வீட்டிலோ ஏ.சி. ஓடவில்லை என்றால், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று நான் டைப் செய்ய வேண்டும். என் சிரமம் ஒருவனுக்கும் புரியவில்லை என்ற கடுப்போடு அதை டைப் செய்வேன்.

வெட்டிய அன்று நல்ல மழை. அம்மாவுக்கு வயிறு போய்விட்டது. துணியெல்லாம் மாற்றி, கழுவித் துடைத்து முடித்த பிறகுதான் பின்னலின் நுனியிலும் பட்டிருப்பதைப் பார்த்தேன். கழுவினேன். திரும்பவும் போனது. திரும்பவும் பட்டது. லேப்டாப்பில் மேலதிகாரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். என் கையில் நாற்றம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து கத்தினேன்.

"இத வெட்டிக் களையட்டா?"

"உண்டு" என்றாள் அம்மா.

தையல் மெஷினின் டிராயரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். அந்தப் பின்னல் ஒரே வெட்டில் போகவில்லை. அறுக்கிற மாதிரித்தான் வெட்ட வேண்டியிருந்தது.  அம்மா என்னைப் பார்க்காமல் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி அறுந்தபோது சௌதாமினி அக்கா வெந்நீரோடு உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்தா மக்கா நீ காட்டுதது?"

"அம்மைக்கிட்டக் கேட்டுட்டுத்தான் வெட்டுதேன். உண்டுன்னு சொன்னா."

சௌதாமினி அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "அவ எதுக்குத்தான் உண்டு சொல்லாம இருந்தா?" என்றாள். பிறகு மீதி வேலையில் எனக்குக் கை கொடுத்தாள்.

உள்ளதைச் சொன்னால், முதல் சில நாட்கள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கழுவினால் ஒரு துண்டில் துடைத்து முடித்துவிடலாம். கழுத்தில் இருந்த வேர்க்குரு காய்ந்தது. அம்மாவின் பின்கழுத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். வெயிலே படாத தோல், குழந்தையுடையது போல வெளுத்திருந்தது. நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வெட்டிய பின்னலை ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்து, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரியில் அம்மாவின் காக்கிச் சட்டைக்கு அடியில் வைத்தேன். தூக்கி எறியக் கை வரவில்லை.

பிறகுதான் அந்தக் கையைக் கவனித்தேன். விடியற்காலையில், முதல் வண்டிக்குப் புறப்படுகிற நேரத்துக்கு, அம்மாவின் இடது கை எழுந்து பின்கழுத்துக்குப் போகும். அங்கே இல்லாத முடியைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றும். பேனா செருகுகிற மாதிரி ஒரு குத்து. பிறகு கை தலையணையில் விழுந்து கிடக்கும். முன்பும் அந்தக் கை அப்படிப் போனதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. சீக்கிரமே விழித்துக்கொண்டு, அந்த அறைக்குப் போகாமல் அடுக்களையில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பேன்.

சபையிலிருந்து பெண்கள் சங்கத்துக்காரர்கள் ஜெபிக்க வந்தார்கள். வாசலில் கால் வைத்ததும், "ஐயோ சரோஜம், முடி எங்க?" என்றார்கள்.

"அம்மைக்குச் சம்மதந்தான். கேட்டுத்தான் வெட்டினேன்" என்றேன்.

"உள்ளதா சரோஜம்?" என்று அம்மாவிடம் குனிந்து கேட்டாள் சங்கத்துத் தலைவி ஜெஸ்மி.

"உண்டு" என்றாள் அம்மா.

"நல்ல காரியமாக்கும் மக்களே. கூட இருந்து நோக்குதவளுக்குத்தானே அதுக்க கஷ்டம் தெரியும்" என்று ஜெஸ்மி என் தலையைத் தடவினாள். எனக்குக் கூசியது. அம்மாவின் முடியை எடுத்ததும் அல்லாமல், எனக்காகச் சாட்சி சொல்லவும் அவளையே நிறுத்திவிட்டேன். பிறகும் யார் வந்தாலும் இதேதான். நான் கேட்டுத்தான் வெட்டினேன் என்பேன். அவர்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா உண்டு என்பாள். சஜனிடமும் அதையே சொன்னேன். அவன் "அப்பம் சரி" என்றான். அதற்குப் பிறகு அந்த விளையாட்டை அவன் விளையாடவே இல்லை.

அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க அஷ்வதி என்று ஒரு பெண் அதியன்னூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். சின்ன வயசு, நல்ல சுறுசுறுப்பு. அவளுக்கு ஒரே ஆசைதான். "சேச்சி, ஒரு 'இல்ல' கிட்டியா மதி. உண்டும் இல்லயும் உண்டெங்கில் ஜீவிக்காம்" என்பாள். ஒரு 'இல்ல' கிடைத்தால் போதும், இரண்டையும் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறாள். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றுதானே. வெறும் தட்டைக் காட்டி, காலிக் குப்பியைக் கவிழ்த்துக் காட்டி, அம்மாவிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கப் படாதபாடு பட்டாள். அம்மா காலிக் குப்பியைப் பார்த்து உண்டு என்றாள்.

ஒரு நாள் அஷ்வதி பையிலிருந்து வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் இடது கையில் கொடுத்தாள். ஸ்பூனைக் கொடுத்தால் வாய்க்குக் கொண்டுபோனாள். சாவியைக் கொடுத்தால் திருப்பினாள். அடுத்ததாக ஒரு சீப்பைக் கொடுத்தாள். எனக்கு அந்த இடத்திலிருந்து எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது.

அம்மா சீப்பை நெற்றியில் வைத்துப் பின்னால் இழுத்தாள். உச்சி தாண்டி, காது தாண்டி, கழுத்துவரை வந்தது. அதோடு முடி தீர்ந்துவிட்டது. கை நிற்கவில்லை. தோளுக்குக் கீழே, மெத்தைவரைக்கும் சீப்பை வெறுமனே இழுத்துக்கொண்டு போனாள். பிறகு கையைத் தூக்கிச் சீப்பின் பற்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

அஷ்வதி துள்ளி எழுந்தாள். "கேட்டோ சேச்சி? இல்ல எந்நு பறஞ்ஞு!" கை தட்டினாள், அம்மாவின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். சத்தம் கேட்டுச் சௌதாமினி அக்கா ஆட்டுக்கு வெட்டிய புல்லோடு ஓடி வந்தாள். வீடியோ காலில் சஜனைக் கூப்பிட்டோம். அஷ்வதி அவனுக்குக் காட்டுவதற்காகக் கேட்டாள்.

"மழ உண்டோ சரோஜம்மே?"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "இல்ல."

"சஜன் ஷார்ஜாவில் உண்டோ?"

"உண்டு."

சஜன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பழைய விளையாட்டைக் கேட்டான். "அம்மா, நா பாலையனுக்க பிள்ளையா?"

"இல்ல" என்றாள் அம்மா, ஒரு பக்கத்து வாயால் சிரித்தபடி. போனில் அவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். சௌதாமினி அக்காவும் அழுதாள். நானும் அழுதேன். அவர்கள் எல்லோரும் அழுத காரணத்துக்காக நான் அழவில்லை. தனக்குத் திரும்பக் கிடைத்த சொல்லை அம்மா எங்கிருந்து எடுத்தாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சௌதாமினி அக்காவுக்கும் தெரிந்திருக்கலாம். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

சாயங்காலம் கஞ்சி காய்ச்சி, பயறும் போட்டு, கட்டிலில் அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்தேன். இதுவரை எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. என்ன கேட்டாலும் உண்டுதான் வரும், அதனால் எதையும் கேட்க வேண்டியதில்லை. இனி அது கிடையாது. கேட்டால் பதில் வரும். இரண்டு கரண்டி ஊட்டினேன். உப்பு போதுமா என்று கேட்டேன், ஃபேனைக் கூட்டவா என்று கேட்டேன். எதைக் கேட்க வேண்டுமோ அதைத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அம்மா, அன்னைக்கு முடிய வெட்டட்டான்னு கேட்டேன் இல்லியா? உனக்குச் சம்மதம் உண்டா இருந்துதா?"

"இல்ல."

தாமதிக்கவே இல்லை. நாட்கணக்கில் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்த மாதிரி வந்தது.

"எங்கிட்டக் கோவம் உண்டா?"

அம்மா என்னை நன்றாகப் பார்த்தாள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஒளிந்து நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை அது.  

"உண்டு" என்றாள்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.  அதற்குப் பதிலாக, பழக்கத்தில், அடுத்த கரண்டியை அவள் வாய்க்கு நேராக நீட்டினேன்.

அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு லேசாகத் திறந்து, "இல்ல" என்றாள்.

எத்தனையோ வேளை, போதுமா என்றுகூடக் கேட்காமல் அந்த வாயில் ஊட்டியிருக்கிறேன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.