ஒரு மடக்கு இலைச்சாறு

ஸ்கூட்டர் சாவியைக் காணோம். விடியும்போது செத்துப்போன அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தங்கை அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு? எங்கடி கிளம்புற?" என்றாள் சித்தி.

"லேபுக்கு. இதோ வந்துடுறேன்."

"நல்லா இருக்குடி! கூடப் பொறந்தவன் கிடக்குறான், இப்பத்தான் வேலையா?"

சாவி கையிலேயே இருந்தது.

அண்ணன் லாரி ஓட்டியவன். நுரையீரலில் பூஞ்சை, ஆஸ்பத்திரி மருந்து எதற்கும் மசியவில்லை. இவளுக்கு வேலையே செடிச்சாறுகளைப் பூஞ்சைமேல் சோதித்துப் பார்ப்பதுதான். அவன் சளியிலிருந்து எடுத்த பூஞ்சையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, முந்தாநாள் லேபில் ஒரு கண்ணாடித் தட்டில் வளரவிட்டிருந்தாள். அதன்மேல் இரண்டு காகித வில்லைகள்: ஒன்றில் ஆஸ்பத்திரி மருந்து, மற்றதில் இலைச்சாறு.

"அந்தத் தழைய எனக்கும் ஒரு மடக்கு குடேன். ஆடு தின்னுட்டு நல்லாத்தானே திரியுது?" என்று நேற்று ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அண்ணன் சிரித்தான். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேக்குறான்ல, குடுத்துத் தொலையேன்டி. கல்நெஞ்சக்காரி!"

இவள் கொடுக்கவில்லை. தட்டில் இருக்கும் பூஞ்சையைச் சோப்புத்தூள்கூடக் கொல்லும். சாறு உடம்புக்குள் போய் ஈரலையே தின்றுவிட்டால்? இவள் நினைத்தது சரிதான். ஆனாலும் காலையிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

லேப் உதவியாளர் பதறிப்போனார். "மேடம், இன்னைக்கா வந்தீங்க?"

தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஆஸ்பத்திரி மருந்து வில்லையின் விளிம்புவரை சாம்பல் பஞ்சாகப் பூஞ்சை ஏறியிருந்தது. இலைச்சாறு வில்லையைச் சுற்றிப் பெரிய வட்டம், பூஞ்சையே இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள்.

"பாவி, இப்பத்தானா!" என்று தட்டைத் திட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"அதைப் பாக்கத்தானே போன? அந்தத் தழைக்குப் பூஞ்சை செத்துச்சா?"

"இல்லம்மா. ஒண்ணும் ஆகல."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அண்ணனின் காலரை நீவிவிட்டாள்.

"அப்ப நீ குடுக்காததே நல்லது. வா, உக்காரு."

பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "வண்டி வெயில்ல நிக்குதும்மா" என்று இவள் வாசலுக்குப் போனாள்.

ஸ்கூட்டர் நிழலில்தான் நின்றிருந்தது. ஸ்டாண்டை எடுத்து, கொஞ்சம் தள்ளி, மறுபடி நிறுத்தினாள்.