போக விடுகிறோம்

நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில், என் அண்ணி ஒரு சலவை நிலையத்தில் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணி தேய்க்கும் பிரிவில், நான் மடிக்கும் பிரிவில். மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. எல்லாம் கை ஜாடைதான். அதனால் அண்ணிக்கு ஆங்கிலம் அரைகுறை என்பது யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

என் அண்ணனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன் என்று முடிவானது. அன்றைக்கு லீவு வேண்டும் என்று அண்ணி மேனேஜரிடம் நேரிலேயே கேட்டிருந்தார். பதில் வரவில்லை. வியாழக்கிழமை மதியம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னாராம். தண்ணீர் கொடுத்தாராம். முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு நிறையப் பேசினாராம். அந்தப் பேச்சில் அண்ணிக்குப் பிடிபட்டது ஒரு வாக்கியம்தான்: "வீ ஆர் லெட்டிங் யூ கோ."

லெட் என்றால் விடு. கோ என்றால் போ. போக விடுகிறோம். லீவு கிடைத்துவிட்டது. அண்ணி எழுந்து நின்று தேங்க் யூ சொன்னார். மேனேஜர் கை நீட்டினார். அண்ணி கை குலுக்கிவிட்டு, இன்னொரு தேங்க் யூவும் சொன்னார். வெளியே வந்து என்னிடம், "நாமதான் அந்த ஆளத் தப்பா நினைச்சிட்டோம். நல்ல மனுஷன்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை அண்ணி மேனேஜருக்கென்று ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார். வாசல் கதவில் அடையாள அட்டையை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் சிவப்பு. எனக்குப் பச்சை எரிந்தது. காவலாளி கணினியைப் பார்த்துவிட்டு, இவருக்கு இங்கே வேலை இல்லை என்றார். நான் உள்ளே ஓடிப்போய் எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். ஒரு மருத்துவமனை ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விட்டதாம், தேய்க்கும் பிரிவில் ஆள் குறைக்க வேண்டியிருந்ததாம். வியாழக்கிழமையே உன் அண்ணியிடம் சொல்லியாயிற்றே என்றார், என் முகத்தைப் பார்க்காமல். 'லெட்டிங் யூ கோ' என்றால் வேலையை விட்டு அனுப்புகிறோம் என்று அர்த்தமாம்.

வேலை போனதைக்கூட அண்ணி ஒருவாறு தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது இதுதான்: அந்த மேனேஜர் டீ குடிக்கும் அறையில் உட்கார்ந்து, 'வேலையை விட்டு எடுத்ததற்கு இதுவரை எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை, இந்த அம்மா கை குலுக்கிவிட்டுப் போனார்' என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரித்தவர்களில் ஒருவரே என்னிடம் வந்து சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணி கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனார். வீட்டில் பாத்திரங்கள் பேசின.

தொழிலாளர் சங்கத்தின் மூலம் புகார் கொடுத்தோம். நிறுவனத்திலிருந்து வந்த பதில் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. இது பணிநீக்கமே இல்லையாம். பேசி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பிரிந்ததாம். அதற்குச் சாட்சி, அண்ணி சொன்ன நன்றி.

"நான் நன்றி சொன்னது என் புருஷன் கண்ணுக்காக" என்றார் அண்ணி. "அதையே எடுத்து என் கழுத்துல கத்தியா வைக்கிறாங்க."

தொழிலாளர் துறை விசாரணைக்கு இரண்டு மாதம் இருந்தது. அண்ணி நூலகத்தில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்தார். முதல் நாளே டீச்சரிடம், எனக்கு மற்றதெல்லாம் வேண்டாம், லெட் கோ மாதிரி ஆளை ஏமாற்றுகிற சொற்களை மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாராம். டீச்சர் சிரிக்கவில்லை. வினைச்சொல்லின் பின்னால் வாலாக ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொள்ளும் அதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர் என்றும், அது கடல் மாதிரி என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதே பேச்சு. கிவ் என்றால் கொடு. கிவ் அப் என்றால் கைவிடு, கிவ் இன் என்றால் பணிந்துபோ. அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சண்டை போடுவார். "அப்னா மேலதானே? மேல குடுத்தா எப்படிக் கைவிட்டதாகும்?" லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள், லுக் இன்டு என்றால் விசாரி, லுக் டவுன் ஆன் என்றால் இளக்காரமாகப் பார். டர்ன் அப் என்றால் வந்து சேர், டர்ன் டவுன் என்றால் மறுத்துவிடு. ஒரு வால் மாறினால் அர்த்தமே கவிழ்ந்துவிடுகிறது. குழாயை மூடும்போதும் விளக்கை அணைக்கும்போதும் டர்ன் ஆஃப் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே செய்வார். பஸ்ஸில் நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார். தப்பாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், என்மீது இல்லை, அந்தச் சொல்மீது.

அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் சாய்ந்தபடி சமாதானம் சொல்லிப் பார்த்தார். "நம்ம பாஷை மட்டும் என்ன ஒழுங்கு? 'நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்'னு சொன்னா, புதுசா தமிழ் படிக்கிறவன் என்ன வாங்கினான்னுதானே கேப்பான்?"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். "கேக்கட்டும். ஆனா ஒருத்தன் சோத்துல கை வைக்கும்போது, அவனுக்குப் புரிஞ்சுதான்னு பார்த்துட்டுத்தான் நாம பேசுவோம்."



விசாரணை ஒரு மாடி அறையில் நடந்தது. நீளமான மேசை, ஒரு பக்கம் விசாரணை அதிகாரி, பக்கத்தில் குறிப்பெடுக்கும் இளைஞர். எதிரே மேனேஜரும் நிறுவனத்தின் வக்கீலும். எங்கள் பக்கம் சங்கத்துச் செயலாளர், அண்ணி, நான், ஒரு மொழிபெயர்ப்பாளர். எனக்குப் புரியாவிட்டால் மட்டும் இந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா சொல்லட்டும், பேசுவதை நானே பேசிக்கொள்கிறேன் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

தெளிவாகத்தான் சொன்னேன், லெட் யூ கோ என்றால் எல்லாருக்கும் தெரியும், அவரும் அமைதியாக ஏற்றுக்கொண்டார் என்றார் மேனேஜர்.

அண்ணி எழுந்தார். அவர் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "உங்ககிட்டதான் வெள்ளிக்கிழமை லீவு கேட்டேன். வியாழக்கிழமை கூப்பிட்டு, போக விடுறோம்னு சொன்னீங்க. நான் என்னன்னு நினைப்பேன்? என்னை யாரும் அங்க கட்டி வைக்கல, அவுத்து விடுறதுக்கு. நீங்க என்னைப் போக விடல." அதோடு நிறுத்தியிருக்கலாம். கோபம் தலைக்கேறிவிட்டது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த கடைசி வாக்கியத்தை உரக்கச் சொன்னார்: "யூ த்ரூ மீ அப்!"

குறிப்பெடுத்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. மேனேஜர் வக்கீலைப் பார்த்துப் புன்னகைத்தார். இந்த அறையிலும் சிரிக்கிறார்களே என்று அழுகை வந்தது. அண்ணி மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பி என்ன தப்பு என்று கேட்டார். அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். வெளியே எறிந்தீர்கள் என்பதற்கு த்ரோ அவுட். த்ரோ அப் என்றால் வாந்தி எடுப்பது.

அண்ணி ஒரு நொடி யோசித்தார். "அப்போ சரியாத்தான் சொல்லியிருக்கேன். இத்தனை வருஷம் நல்லா சாப்பிட்டாங்க. இப்ப வாந்தி எடுத்துட்டாங்க. அதையே சொல்லுங்க அவங்ககிட்ட."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் குறையாமல் சொன்னார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மேனேஜரிடம் திரும்பி, இவர் அந்த வாரம் லீவு கேட்டது உண்மையா என்று கேட்டார். மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்தார். உண்மைதான் என்றார் மேனேஜர். வேலை முடிந்தது என்ற வார்த்தையை எங்காவது சொன்னீர்களா என்பது அடுத்த கேள்வி. அப்படி முகத்துக்கு நேரே சொல்வது நாகரிகமில்லை என்று நினைத்தேன் என்றார் அவர்.

வேலையைப் பறிப்பது நாகரிகம், அதைச் சொல்வது நாகரிகமில்லையாம்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அண்ணியைப் பழைய இடத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும், இனி யாரை நீக்கினாலும் அவர் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று உத்தரவு. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே அறை, அதே நாற்காலி. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. காலையில் அவர் குட் மார்னிங் சொன்னால் அண்ணி விரிப்பை உதறுவார்.

போன மாதம் உலர்த்தும் பிரிவில் இருக்கும் ஒரு பெரியவரை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மொழி வேறு, எங்கள் மொழி வேறு. அவர் நேராக அண்ணியிடம் வந்து நின்று, மேனேஜர் அறைப் பக்கம் கையைக் காட்டினார். முகம் வெளுத்திருந்தது. அண்ணி மெஷினை நிறுத்திவிட்டுக் கூடவே போனார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் உருக்கமாக ஏதோ ஆரம்பித்தார். அண்ணி கையை உயர்த்தி நிறுத்தினார். மறுபடி, மெதுவாக, வாலில்லாமல் சொல்லச் சொன்னாராம். ஷிஃப்டை மாற்றுகிறோம், வேலை இருக்கிறது, அடுத்த வாரத்திலிருந்து காலை நேரம். அவ்வளவுதான் விஷயம். பெரியவருக்குப் புரியும்வரை அண்ணி சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் காட்டி விளக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

"ஷிஃப்ட் மாத்துறதுக்கு எதுக்குடி இந்த ஆளு இவ்வளவு குழையுறான்?" என்று என் காதருகே பொரிந்தபடி அடுத்த விரிப்பை எடுத்து மெஷினுக்குள் விட்டார்.